முதல் உதை

சகலருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது: முப்பத்தொரு ஆண்டுகள் இடைவிடாமல் சேவையாற்றிய முதலாளியின் வலது கால், ஒரு புதன்கிழமை காலை ஆறேகால் மணிக்கு, முன்னறிவிப்பு எதுவுமின்றிப் பணியிலிருந்து விலகிக்கொண்டது. வலது காலுக்கு அனுதாபம் தெரிவித்து இடது காலும் உடன் விலகியது. கட்டிலிலிருந்து இறங்கப்போன முதலாளி நேராகத் தரைக்குப் போனார். அலமாரியின் விளிம்பு நெற்றியைக் கிழித்தது. ரத்தம் கண்ணுக்குள் வழிய, அவர் முதலில் சொன்ன வாக்கியம், "எவன்டா அது?"

எவனும் இல்லை என்பதுதான் இந்தக் கதை.

முதலாளிக்குத் தொழில் இடிப்பு. ஒரு கட்டடம் கிழமாகிவிட்டால் அவரைக் கூப்பிடுவார்கள். சம்மட்டியோடு இருபது பேர், இரண்டு லாரி, ஒரு கம்ப்ரஸர். ஆனால் இருபது சம்மட்டிகளும் ஒரு சடங்குக்காகக் காத்திருக்க வேண்டும். முதலாளி வருவார். சட்டைக்கையை மடிப்பார். இரும்பு முனை வைத்த பூட்ஸுடன் சுவரை ஓர் உதை உதைப்பார். காரை கொஞ்சமாவது உதிர வேண்டும். உதிர்ந்த பிறகுதான் வேலை தொடங்கும். ஆரம்ப நாட்களில் ஒருமுறை அவர் உதைத்த உதையில் முழுச் சுவரும் சரிந்ததாம். அது ஏற்கெனவே சரிந்துகொண்டிருந்த சுவர் என்பது அன்று பார்த்த அத்தனை பேருக்கும் தெரியும். சொன்னவர்தான் யாருமில்லை. பிறகொரு நாள் முதல் உதைக்கு முன்பே ஒருவன் அவசரப்பட்டுச் சம்மட்டியைப் போட, உத்தரம் விழுந்து இரண்டு பேர் நசுங்கினார்கள். அதோடு வழக்கம் சட்டமாகிவிட்டது. முதலாளிக்குக் காய்ச்சல் என்றால் அன்று ஊரில் எந்தச் சுவருக்கும் ஆபத்தில்லை.

சுவரோடு அந்தக் கால் நின்றுவிடவில்லை. லாரி டயர், தாமதமாக வந்த வேலைக்காரர்கள், கடைசியாக மனைவி என்று அதன் சேவை பரந்து விரிந்தது. வீட்டுக்குள் வந்ததும் பூட்ஸைக் கழற்றிவிடுவார். அந்த அளவுக்குக் குடும்பப் பாசம் உள்ளவர்.

அந்த வலது காலை அவளைப்போல் அறிந்தவர் எவரும் கிடையாது. ஓங்குவதற்கு முன் அவருடைய இடது தோள் கொஞ்சம் இறங்கும். இறங்கிய நொடியில் எந்தப் பக்கம் திரும்பினால் வயிற்றில் விழ வேண்டியது தொடையில் விழும் என்பதைப் பதினாறு வருடத்தில் படித்துத் தேறியிருந்தாள். உட்கார்ந்தபடி அவர் உதைத்தால் கால் எட்டும் தூரம் இரண்டரை அடி. அந்த வீட்டில் அவள் உட்காரும் நாற்காலி எப்போதும் அவரிடமிருந்து இரண்டே முக்கால் அடி தள்ளிக் கிடக்கும். வந்துபோகும் விருந்தாளிகள் அதை மரியாதை என்று நினைத்தார்கள்.

கால் விலகுவதற்கு மூன்று நாள் முன்பு, ஞாயிறு மதியம், அவளுடைய தம்பி வந்திருந்தான். இடித்த வீடுகளின் கதவுகளையும் ஜன்னல்களையும் வாங்கி விற்கிற கடை அவனுடையது. இடிபடப்போகும் தபால் ஆபீஸின் பன்னிரண்டு கதவுகளையும் அவனுக்கே தருவதாக முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். பிறகு வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்.

"அவனுக்குத்தான் தர்றேன்னு சொன்னீங்களேங்க" என்றாள் அவள்.

இவ்வளவுதான் சொன்னாள். தோள் இறங்கியது. பின்னால் சுவர், திரும்ப இடமில்லை. உதை அடிவயிற்றில் விழுந்தது. கையிலிருந்த தட்டும் டம்ளர்களும் நாலாபக்கமும் சிதற, அவள் மடங்கிச் சுவரோரம் உட்கார்ந்தாள். வாயைத் திறந்தாள், மூச்சு வரவில்லை. தம்பி எழுந்தான். மாதிரி காட்டக் கொண்டுவந்திருந்த ஜன்னல் சட்டம் கையோரம் கிடந்தது. அதை எடுத்து மாமாவின் முதுகில் குறுக்காக ஒரே ஓர் அடி.

முதலாளி திரும்பினார். சிரித்தார். அடுத்த மூன்று நிமிடம் அந்த அறையில் நடந்ததைச் சண்டை என்று சொல்ல முடியாது. இடிப்பு என்று சொல்லலாம். முதலில் மூக்கு, பிறகு வாய், விழுந்த பிறகு விலா. தம்பியின் பற்கள் இரண்டு தரையில் கிடந்தன. அதில் ஒன்று அலமாரிக்கடியில் உருண்டு போனதை அவள் வியாழக்கிழமை பெருக்கும்போதுதான் கண்டெடுத்தாள்.

அன்றிரவு முதலாளி நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார். திங்கட்கிழமை தபால் ஆபீஸை முறைப்படி உதைத்துத் தொடங்கிவைத்தார். காரை ஒரு முறம் அளவுக்கு உதிர்ந்ததாகப் பேச்சு. செவ்வாய்க்கிழமை முதுகின் நடுவில் ஒரு வலி. மதியம் வயிற்றைச் சுற்றி யாரோ பெல்ட்டை இரண்டு ஓட்டை கூடுதலாக இறுக்கியதுபோல ஓர் இறுக்கம். சட்டையை விலக்கிப் பார்த்தார், பெல்ட்டே போடவில்லை. சாயங்காலம் நடந்தால் பாதத்துக்கடியில் பஞ்சு விரித்தமாதிரி இருந்தது. அதன்பிறகு கழிவறையில் நின்றார். அரை மணி நேரம் நின்றார். ஒரு சொட்டு வரவில்லை. வராததற்கு வெளியே நின்ற மனைவியைத் திட்டினார். மறுநாள் காலை ஆறேகாலுக்கு மேற்சொன்ன அறிவிப்பு.

முதலாளியின் தம்பி சங்கச் செயலாளர். இடிப்போர் நலச் சங்கத்துக்கு மொத்த உறுப்பினர்கள் பதினொரு பேர், அதில் ஏழு பேர் அண்ணனுக்கு உறவு. செயலாளர் ஆயுளில் சம்மட்டியைத் தொட்டதில்லை. தொட்டது மைக் மட்டும்தான். மைக் இல்லாத இடத்திலும் இருப்பதாகவே பாவித்துப் பேசுவார். ஆஸ்பத்திரி வராந்தாவில் நாலு பேர் சேர்ந்ததும் தொண்டையைச் செருமினார்.

"அண்ணி, கலங்காதீங்க. முதுகில் தாக்குவது கோழைகளின் வழி. இந்த அநீதியை வரலாறு மன்னிக்காது."

"தம்பி, டாக்டர் இன்னும் எதுவும் சொல்லலைங்க. ஸ்கேன் எடுத்தாத்தான் தெரியுமாம்" என்றாள்.

ஸ்கேன் மிஷின் பழுதாகியிருந்தது. வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்கள். உதைக்கு அப்படியெல்லாம் முறை காத்திருக்க வேண்டியதில்லை. புதன்கிழமை சாயங்காலமே சங்கத்து ஆட்கள் ஆறு பேர் கதவுக்கடைக்குப் போனார்கள். அவளுடைய தம்பியின் இடது கையை அவன் விற்க வைத்திருந்த ஒரு கதவின் இடுக்கில் வைத்து, கதவைச் சாத்தினார்கள். கனமான பழங்காலக் கதவு. ஒருமுறை சாத்தினாலே போதும். மூன்றுமுறை சாத்தினார்கள். செயலாளர் வெளியே லாரிக்குள் உட்கார்ந்து மேற்பார்வை செய்தார்.

வெள்ளிக்கிழமை ஸ்கேன் வந்தது. முதுகில் ஊசி போட்டு நீரும் எடுத்துப் பார்த்தார்கள். நரம்பு டாக்டரம்மா சின்ன உருவம், சின்னக் குரல். கறுப்புப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, அவளிடம் விரலால் காட்டினார்.

"இது முதுகெலும்பு. ஒரு கீறல்கூட இல்ல. உள்ள ஓடுது பாருங்க, இதுதான் தண்டுவடம். மூளையிலருந்து காலுக்குப் போற ஒயர்னு வெச்சுக்கோங்க. இந்த இடத்துல குறுக்கால வெள்ளையா வீங்கியிருக்கா? டிரான்ஸ்வர்ஸ் மைலைட்டிஸ்னு பேரு. மேலேருந்து உத்தரவு வருது, இந்த வீக்கத்தத் தாண்டிப் போக மாட்டேங்குது. அதனாலதான் கால் அசையல, தொட்டாத் தெரியல, யூரினும் போகல."

"அடிபட்டதாலயா டாக்டர்?"

"இல்லம்மா. ரெண்டு மூணு வாரம் முன்னாடி சளி, காய்ச்சல் ஏதாவது வந்துச்சா?"

வந்தது. நாலு நாள் படுத்திருந்தார். ஊரில் சுவர்களெல்லாம் நிம்மதியாக இருந்த நாலு நாள்.

"உடம்புக்குள்ள காவலுக்கு ஆளுங்க இருக்காங்க. கிருமி வந்தா அடிச்சு விரட்டுவாங்க. சில பேருக்குக் கிருமி போன பிறகும் அடிக்கறத நிறுத்தத் தெரியாது. அடிச்ச கை சும்மா இருக்காம சொந்த வீட்டு ஒயரையே பிடிச்சுக் கிழிச்சிரும். ஏன் இவருக்கு, ஏன் இப்போன்னு கேட்டா, நிறைய நேரம் எங்களுக்கே தெரியாது. புரியுதா? இன்னொரு உதாரணம் சொல்லட்டுமா?"

வேண்டாம் என்று தலையாட்டினாள். அடிப்பதை நிறுத்தத் தெரியாத காவல்காரனோடுதான் பதினாறு வருடமாகக் குடியிருக்கிறாள்.

"அஞ்சு நாள் ஸ்டீராய்டு ஏத்துவோம், வீக்கம் குறையும். அப்புறம் தினமும் கால் விரல்லருந்து முட்டி வரைக்கும் மடக்கி நீட்டி நீங்கதான் பயிற்சி கொடுக்கணும். மூணு பேர்ல ஒருத்தர் நல்லா எழுந்து நடப்பாங்க. ஒருத்தர் பாதி. ஒருத்தர் அப்படியே இருந்துருவாங்க."

"இவர் அதுல யாருன்னு முன்னாடியே தெரியாதா?"

"தெரியாது. ஆனா எழுந்து நடக்கவும் நிச்சயமா வாய்ப்பு இருக்கும்மா."

அவள் கண் கலங்கியது. டாக்டரம்மா அதை நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டு தோளைத் தட்டிக்கொடுத்தார்.

படத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். தம்பியின் இன்னொரு கையையும் கதவு இடுக்கில் வைப்பதற்கு முன்னால் இதைச் சொல்லியாக வேண்டும். முதலாளி கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார், கட்டிலோரம் மூத்திரப் பை தொங்கியது. பக்கத்தில் செயலாளர். அவள் டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தாள்.

முதலாளி கூரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அப்ப எவனும் அடிக்கல."

"இல்லைங்க."

"என் உடம்பே என்னை அடிச்சிருச்சு."

"அப்படித்தான் சொல்றாங்க."

"இதை வெளிய சொன்னா எவன்டி எனக்குப் பயப்படுவான்?" அவர் குரல் ரகசியம்போலத் தணிந்திருந்தது. "மச்சான் முதுகுல அடிச்சான், முதலாளி விழுந்தாரு. அதுல ஒரு கெத்து இருக்கு. சளி புடிச்சு விழுந்தாருன்னு சொல்லிட்டுத் திரியச் சொல்றியா? வாயத் திறந்த, கொன்னுருவேன்."

செயலாளர் படத்தை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கி, உறையில் போட்டு, திருப்பிக் கொடுத்தார். "அண்ணி, சங்கம் ஏற்கெனவே கண்டனத் தீர்மானம் நிறைவேத்திருச்சு. அச்சுக்குப் போயாச்சு. இனிமே காரணத்த மாத்த முடியாது. அடுத்த வியாழன் காலை பத்து மணி. கடையை இடிக்கிறோம். அண்ணன் தன் காலால தொடங்கிவைக்கிறார்."

"உள்ள அவன் இருப்பானே!"

"வெளியே வருவதும் வராததும் அவரது ஜனநாயக உரிமை."

அவள் தம்பிக்கு போன் செய்தாள். கடையைப் பூட்டிவிட்டு எங்காவது போய்விடச் சொன்னாள்.

"போக மாட்டேன்கா. இங்கயே இருந்து சாவேன். நான் அடிச்சேன். ஒரே அடி. மலைமாதிரி ஆளு, மூணு நாள்ல சரிஞ்சான். கை போனாப் போகட்டும். கண்ணாடியில மூஞ்சியப் பார்க்கறப்போ எனக்கே பெருமையா இருக்கு."

"டேய், உன் அடியில விழலடா. அது வேற வியாதி. முதுகுல ஒரு கீறல்கூட இல்லையாம்."

 அவன் குரல் உடைந்து வந்தது.

"அப்படின்னா நான் அடிச்சது படவே இல்லையா?"

போனை வைத்துவிட்டான். அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

வியாழக்கிழமை காலை டாக்டரம்மா வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, கையெழுத்துப் போட்டு முதலாளியை அழைத்துவந்தார்கள். சக்கர நாற்காலியோடு தூக்கி லாரியில் ஏற்றினார்கள். பாதம் வீங்கியிருந்ததால் பூட்ஸ் நுழையவில்லை. ஆஸ்பத்திரி காலுறை மட்டும். மூத்திரப் பையைச் செயலாளர் ஒரு சால்வையால் மூடிவிட்டார். அவளும் லாரியில் ஏறினாள்; படம் இருந்த உறையை மார்போடு அணைத்திருந்தாள்.

கதவுக்கடை நாலு செங்கல் சுவர், மேலே தகரம். உள்ளே நூற்றுச் சொச்சம் கதவுகள் வரிசையாக நின்றன. வாசலுக்குப் பொருந்துகிற கதவு மட்டும் அதில் ஒன்றுகூட இல்லை. ஒரு பெரிய கதவைக் குறுக்கே சாய்த்துவைத்து அதற்குப் பின்னால் தம்பி நின்றான். இடது கை கட்டுப்போட்டுக் கழுத்தில் தொங்கியது. இருபது சம்மட்டிகள் தோளில் ஏறி நின்றன.

செயலாளர் பேசினார். பன்னிரண்டு நிமிடம் பேசினார். ஒரு வேலைக்காரன் கொட்டாவி விட்டான். பிறகு வேலையாட்களின் மேஸ்திரியும் இன்னொருவனும் சக்கர நாற்காலியைச் சுவரோரம் இறக்கிவைத்து, முதலாளியின் வலது காலைத் தூக்கினார்கள். ஒருவன் தொடையைப் பிடிக்க, ஒருவன் கெண்டைக்காலைப் பிடிக்க, ஊஞ்சலைப்போல ஆட்டிச் சுவரில் மோதினார்கள்.

முதலாளி சுவரை முறைத்துக்கொண்டே இருந்தார். "பட்டுச்சா?"

"பட்டுச்சு முதலாளி."

"காரை உதிர்ந்துச்சா?"

மேஸ்திரி குனிந்து பார்த்தார். நேர்மையான மனுஷர். "இல்ல முதலாளி."

"இன்னும் வேகமா அடிங்கடா!"

இரண்டாம் முறை காலுறையின் நுனி சிவந்தது. மூன்றாம் முறை வந்தது சுவரின் சத்தம் அல்ல. பெருவிரல் நகம் காலுறையோடு பெயர்ந்து, செங்கல்லில் ஒரு சிவப்புக் கோடு இழுபட்டது. முதலாளியின் முகத்தில் அதே கம்பீரம். "இப்ப? இப்ப உதிர்ந்துச்சா?" தொடையைப் பிடித்திருந்தவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவள் இறங்கி வந்து சுவருக்கும் காலுக்கும் நடுவில் நின்றாள். படத்தை உறையிலிருந்து உருவி வெயிலில் தூக்கிப் பிடித்தாள்.

"நிறுத்துங்க. இவரை யாரும் அடிச்சு விழவைக்கல. இது உள்ளுக்குள்ளயே வர்ற வியாதி. எலும்பு சுத்தமா இருக்கு, பார்த்துக்கோங்க. இவருக்கும் தெரியும். இதுக்குப் போய் ஒருத்தன் கையை உடைச்சிருக்கீங்க."

 மேஸ்திரிதான் மெல்லச் சொன்னார்: "ஆமாய்யா. ஞாயித்துக்கிழம அடின்னாங்க. திங்கட்கிழம தபால் ஆபீஸ்ல வந்து நல்லாத்தானே உதைச்சாரு. நான் பக்கத்துலதான் நின்னேன்."

"நானும்தான்" என்றான் ஒருவன். "காரை என் கண்ணுல விழுந்துச்சு."

முதலாளி மனைவியைப் பார்த்தார். இடது தோள் இறங்கியது. இருபது பேரும் பார்த்தார்கள். கழுத்து நரம்பு புடைத்தது, நெற்றித் தையல் சிவந்தது, பற்கள் நெறிபட்டன. உத்தரவு கிளம்பிவிட்டது என்பது அவளுக்குத் தெரிந்தது. பதினாறு வருடத்தில் முதல்முறையாக அவள் திரும்பவில்லை. வயிற்றை அவருக்கு நேராக வைத்துக்கொண்டு, ஓர் அடி தூரத்தில், அப்படியே நின்றாள். மேஸ்திரியின் கையில் அந்தக் கால் சாக்குமூட்டையாகக் கிடந்து ரத்தம் சொட்டியது.

ஒரு சம்மட்டி தரைக்கு இறங்கியது. பிறகு இன்னொன்று.

இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் சாய்த்துவைத்த கதவு முன்பக்கமாக விழுந்தது. தம்பி கடப்பாரையோடு வெளியே பாய்ந்தான். "படலையா? என் அடி படலையா?" என்று கத்தினான். பல்லில்லாத வாயில் எச்சில் தெறித்தது. அவள் நாற்காலியைப் பின்னால் இழுப்பதற்குள், ஒற்றைக் கையால் ஓங்கி, முதலாளியின் முழங்காலுக்குக் கீழே போட்டான். எலும்பு முறிந்த சத்தம் லாரி டிரைவர் வரைக்கும் கேட்டது. கெண்டைக்கால் நடுவில் புதிதாக ஒரு மூட்டு முளைத்ததுபோல மடங்கியது.

முதலாளி குனிந்து அதைப் பார்த்தார். யாருடைய காலோ என்பதுபோலப் பார்த்தார். முகம் சுளிக்கவில்லை. நிமிர்ந்து மச்சானைப் பார்த்தார்.

தம்பி இன்னொருமுறை ஓங்கினான். அவள் கடப்பாரையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள். உள்ளங்கைத் தோல் உரிந்தது. "வேணாம்டா, அவருக்கு வலிக்காதுடா, அவருக்கு வலிக்கவே வலிக்காதுடா" என்றாள். அதைக் கேட்டதும் அவன் கடப்பாரையை விட்டான். நடுத்தெருவில் விழுந்துகிடந்த கதவின்மேல் உட்கார்ந்து, தோற்றுப்போனவன் அழுவதுபோல அழுதான்.

செயலாளர் லாரிக்கு அடியில் இருந்தார்.

ஏழு வாரம் ஆகிறது. தம்பி ஊரைவிட்டுப் போய்விட்டான்; போவதற்கு முன் அக்காவிடம்கூடப் பேசவில்லை. அவன் அடி படவில்லை என்று சொன்னவள் அவள்தானே. சங்கம் இரண்டாவது கண்டனத் தீர்மானத்தை நிறைவேற்றியது. இடிப்பு வேலைகளை இப்போது மேஸ்திரி விசில் ஊதித் தொடங்குகிறார். சுவர்கள் முன்போலவே விழுகின்றன.

முதலாளி ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருக்கிறார். வலது கால் தொடைவரை மாவுக்கட்டு. நுனியில் ஐந்து விரல்கள் மட்டும் வெளியே. அவள் தினமும் காலையிலும் மாலையிலும் நாற்காலியைக் கட்டிலை ஒட்டிப் போட்டுக்கொண்டு உட்காருவாள். அவ்வளவு பக்கத்தில் அவள் உட்கார்ந்தது கல்யாணத்தன்று மட்டும்தான். இடது காலை மடக்கி நீட்டுவாள். வலது கால் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நிமிர்த்துவாள். மூன்றில் ஒருவர், மூன்றில் ஒருவர், மூன்றில் ஒருவர் என்று மனசுக்குள் எண்ணிக்கொள்வாள். எந்த ஒருவருக்காக எண்ணுகிறாள் என்று அவளுக்கே தெரியாது. முடிவில் அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, பல்லைக் கடித்து, கீழே உத்தரவு அனுப்புவார். அது மருத்துவர் சொன்ன பயிற்சி. அனுப்பிவிட்டு, கண்ணைத் திறக்காமலே கேட்பார்.

"அசைஞ்சுச்சா?"

"இல்லைங்க" என்பாள். நாற்பத்தெட்டு நாளும் அதுதான் உண்மை.

இன்றைக்கும் கண்ணை மூடினார். வெளியே தூரத்தில் எங்கோ விசில் ஊதும் சத்தம், தொடர்ந்து சம்மட்டிகள். அவருடைய இடது தோள் கொஞ்சம் இறங்கியது. மாவுக்கட்டின் நுனியில், நகம் பாதி முளைத்த பெருவிரல், நெல்மணி அளவுக்கு மேலே போய்க் கீழே வந்தது.

"அசைஞ்சுச்சா?"

"இல்லைங்க" என்றாள் அவள். எழுந்தாள். நாற்காலியை இரண்டே முக்கால் அடி தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.